கூறு போட்டவருக்குக் கடைசித் தட்டு

நைனா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பேசும்போது உன்னை நீ என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது மட்டும் நீங்கள் என்றால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கும். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

விரலில் காரப்பொடி மீன் வாசம். சோப்புப் போட்டுக் கழுவி, புளிச் சக்கையால் தேய்த்தும் போகவில்லை. நோட்டில் கை வைத்தால் நோட்டும் மணக்கிறது. இந்த வாசத்தோடுதான் நீ காலையில் வீட்டுக்குள் நுழைவாய்.

காரப்பொடியை நம் வீட்டு மீனாக்கியது நீதான். வஞ்சிரம் வாங்குகிற வீடா நம்முடையது? "சீப்பா கீதுன்னா ருசியில்லன்னு அர்த்தமில்ல. இத்துனூண்டு மீன ஆயறதுக்கு சோம்பப்பட்டுகினு எவனும் வாங்க மாட்றான், அவ்ளோதான்" என்பாய். சின்ன மீனை முள்ளோடு மென்று தின்றால் எலும்புக்கு நல்லது என்று நான் அறிவியல் புத்தகத்தைக் காட்டியபோது, "அப்போ புக்கு எழுதினவரும் காசிமேட்டுக்காரராத்தான் இருப்பாரு" என்றாய்.

காசிமேடு துறைமுகத்தில் பனிக்கட்டியை உடைத்துப் படகுகளில் ஏற்றும் வேலை முடிந்ததும், ஏலம் ஓய்கிற நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக் கதீஜாக்காவோடு சேர்ந்து ஒரு கூடை மீன் எடுப்பாய். தனியாக வாங்குவதைவிட அதுதான் மலிவு. வாசலில் சாக்கு விரித்து இரண்டு கூறாகப் பிரிப்பாய். கூறு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது நம் தெருவின் வழக்கம். கதீஜாக்கா இடுப்பில் கை வைத்துச் சாக்கைச் சுற்றி வருவார்.

"இன்னாண்ணே, இந்தக் கூறு இளைச்சுப்போன மாதிரி கீது?"

"உன் கண்ணுதாம்மா இளைச்சுப் போச்சி. புடிச்சத எடு."

"இது. ஊஹூம், அது. வாணாம் வாணாம், இதே குடு."

"ஏம்மா, மீன் வாங்குறியா, மாப்ள பாக்குறியா?"

அதே வழக்கத்தை நீ நம் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாய். சாயந்திரம் அம்மா துணி தைக்கும் கம்பெனியிலிருந்து வந்ததும், கரண்டியை நீ எடுத்துக்கொள்வாய். நான்கு தட்டு வைத்து, "குந்துமே. மொதல்ல நீ எடு" என்பாய். "ஆம்பள பரிமாற, பொம்பள மொதல்ல துன்றதா? யாரனா பாத்தா சிரிப்பாங்கய்யா" என்று அம்மா நெளிவாள். நீ நகரவே மாட்டாய்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகும் போகாது, உனக்கு வேலையும் இருக்காது. ரேஷன் பருப்பு, ரயில்வே மதிலோரத்து மரத்திலிருந்து முருங்கைக்கீரை, ஆளுக்குப் பாதி முட்டை. அவித்த முட்டையைக் கத்தியால் வெட்ட விடமாட்டாய். நூலால் அறுப்பாய். மஞ்சள் கரு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடக் கூடாதாம். இது என்ன பெரிய அறுவைச் சிகிச்சையா என்று நானும் தம்பியும் சிரித்திருக்கிறோம்.

ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

உனக்குப் பிறகும் நம் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. இது உண்மை. அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். கீரைத் தண்டையும் வீணாக்காமல் சாம்பாரில் போட்டாள். கதீஜாக்காவோடு கூடை மீன் பங்கும் நின்றுபோகவில்லை. ஆனால் கரண்டி அம்மா கைக்குப் போய்விட்டது. எனக்கும் தம்பிக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.

பிறகு ஒருநாள் கம்பெனியில் தையல் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் ரொம்பக் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். "இன்னொரு தடவ விழுந்தா வேலைக்கு வராதீங்க" என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அந்த வேலை போனால் நம் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

நான் உடனே புத்தகத்தைத் திறந்தேன். இரும்புச்சத்து எதிலெல்லாம் இருக்கிறது என்று படித்துச் சொன்னேன். கதீஜாக்கா தன் தம்பியின் கறிக்கடையிலிருந்து ஆட்டு மண்ணீரல், அதுதான் சுவரொட்டி, வாங்கி வந்து தந்தார். மிளகு போட்டு வறுத்தோம். அம்மா அதையும் எடுத்து எங்கள் தட்டில் போட்டாள். "வளர்ற பசங்க, நீங்க துன்னுங்க. நான் அப்பால துன்றேன்." அவளுக்காக வாங்கியது அத்தனையும் எங்கள் வயிற்றுக்குத்தான் போனது.

மறுநாள் கரண்டியை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"இனிமே நான்தான் கூறு போடுவேன். நீ மொதல்ல எடு."

"பெரிய மனுஷி ஆயிட்டியாடி? குடு இப்டி."

நான் கொடுக்கவில்லை. மூன்று தட்டு வைத்தேன். அம்மாவின் கண் மூன்றையும் ஒரு நொடியில் அளந்தது. இருப்பதில் சிறியதை எடுத்துக்கொண்டாள். எது சிறியது என்று போட்ட எனக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் உன் நூல் எனக்குப் புரிந்தது, நைனா. நீ சரிசமமாகப் பிரித்தது உனக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக அல்ல. அம்மா தேடினாலும் சிறிய பங்கு அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்றுதான் பிரித்தாய்.

அடுத்த சாயந்திரம் அவசரப்படவில்லை. பெரிய மீனோடு சின்ன மீனைச் சேர்த்து வைத்தேன். கீரையை ஒரே கிண்ணத்தால் அளந்தேன். முட்டையை நூலால் மூன்றாக அறுத்தேன். அம்மா பார்த்தாள். குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, எல்லாம் ஒரே மாதிரி கீது?"

"எடும்மா, கொழம்பு ஆறுது."

"யாராச்சும் எடுங்களேன், எனக்குப் பசிக்குது!" என்று தம்பி கத்தினான்.

வேறு வழியில்லாமல் ஒன்றை எடுத்தாள். "அப்டியே அப்பன உரிச்சு வெச்சிக்கினு" என்று திட்டிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். போன வாரம் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த நர்ஸம்மா, ரத்தம் ஏறியிருக்கிறது, மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்றார். மிஷினில் இப்போது தலை சுற்றுவதில்லையாம்.

பள்ளிக்கூடத்தில் தோழிகள் பலகாரம் பகிரும்போது நான் கடைசியில் கை நீட்டுகிறேன். எனக்கு வெட்கம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். பார்த்தவுடன் எது பெரியது, எது சிறியது என்று என் கண்ணுக்கும் இப்போது தெரிகிறது. நீ எனக்கு விட்டுப்போனதில் இதுதான் தினமும் உபயோகப்படுகிறது.

இன்னும் எழுதலாம். ஆனால் அம்மாவுக்கு நாளை காலை ஷிப்டு. "போதும், படு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டாள்.