டிரைவர் பக்கத்துக் கதவு

மார்ச் 4

காலையில் எழுந்ததும் முதலில் அவர் வாயோரம் வழிந்திருந்ததைத் துடைத்துவிட்டேன். பிறகு ஷெட்டைத் திறந்து, கார்மேல் கிடந்த துணியை விலக்கி, சக்கர நாற்காலியை அதன் எதிரே நிறுத்தினேன். பிடித்த பொருள்களைக் காட்டுங்கள் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தாள்.

அவருக்கு இந்த கார்தான். அவரைவிட மூத்தது. கம்பெனியில் அடித்த பச்சை. வேறு பெயின்ட் அதன்மேல் பட்டதே இல்லை. கூரை வெளுத்து, பானெட்டில் திட்டுத்திட்டாகத் துரு. யார் பெயின்ட் அடிக்கச் சொன்னாலும், "உரிச்சிட்டா அது வேற வண்டிப்பா" என்று மறுத்துவிடுவார்.

இன்று வெறுமனே பார்த்தார். "நம்ம வண்டிங்க" என்றேன்.

"சரி" என்றார்.

பக்கவாதம் அவரிடம் விட்டுவைத்த ஒரே சொல்.

மார்ச் 9

கொழுந்தன் வந்தான், கையில் வண்ணங்கள் ஒட்டிய அட்டையோடு.

"அண்ணி, இத ரோட்டுல நிறுத்தினா குப்பை வண்டிக்காரன் அள்ளிட்டுப் போயிடுவான். அண்ணன் பிறந்தநாளுக்குப் புதுசா நிக்கட்டும். பார்த்ததும் எழுந்து ஓடி வராரா இல்லையான்னு பாருங்க."

"அவருக்குப் பிடிக்காது தம்பி."

"அவரையே கேட்டுடுவோம். அண்ணே, பெயின்ட் அடிச்சிடலாமா?"

"சரி."

"பார்த்தீங்களா!"

நான் அவர் முன்னால் மண்டியிட்டேன். "அப்படியே விட்டுடலாம்தானே?"

"சரி."

"உங்களுக்குப் பயந்துகிட்டு சொல்றாரு அண்ணி." கொழுந்தன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 10

தூக்கம் இல்லை.

மார்ச் 13

ஆஸ்பத்திரியில் பயிற்சி முடிந்து அவரோடு வீடு திரும்பினால் ஷெட் காலி. பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குத் துணை வைத்துவிட்டு, கொழுந்தன் காட்டிய அட்டையில் பெயர் போட்டிருந்த பெயின்ட் பட்டறைக்கு ஓடினேன்.

டிரைவர் பக்கத்துக் கதவு முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெறும் தகரம். கீழே தண்ணீரோடு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன் — அது என் குரல்தானா?

பெயின்டர் பதறிவிட்டார். "சாரே சரின்னுட்டாருன்னு அவர் தம்பி சொன்னாரேம்மா."

அதே பச்சையைக் கலந்து இந்த ஒரு கதவுக்கு மட்டும் அடிக்க முடியாதா?

"கலக்கலாம்மா. ஆனா சுத்தி இருக்கிறது வெளுத்த பச்சை. ஒரு கால்ல மட்டும் புதுச் செருப்பு போட்ட மாதிரி இருக்கும். தகரத்தை இப்படியே விட்டா துரு ஏறிடும். இன்னிக்கு பிரைமர் அடிச்சு வைக்கிறேன். மீதிய உரிக்கிறதா வேணாமான்னு திங்கட்கிழமை சொல்லிடுங்க."

கொழுந்தனுக்கு போன் செய்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "அண்ணன் ஒரு தடவ சிரிச்சா போதும்னு நினைச்சேன் அண்ணி" என்றான். அழுகிறான் என்று தெரிந்தது. வைத்துவிட்டேன்.

மார்ச் 15

காரை வித்துடட்டுமா? சரி. கொளுத்திடட்டுமா? சரி.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உங்கள விட்டுட்டு நான் போயிடட்டுமா?"

"சரி."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லுங்களேன். என்னைத் திட்டவாவது செய்யுங்களேன். நான் யார்கிட்ட போய்க் கேட்பேன்?

மார்ச் 16

அவரையும் பட்டறைக்கு அழைத்துப்போனேன். சாம்பல் நிற பிரைமர் அடித்த கதவைக் கண்டதும் ஏதாவது தெரியுமா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம், வருத்தம், ஏதாவது. அவர் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தார்.

பெயின்டர் குனிந்து மரியாதையாகக் கேட்டார். "என்ன சார், மீதியும் உரிச்சிடலாமா?"

"சரி."

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "அவருக்குப் பிடிக்காது" என்று வழக்கமாக வரும் அந்த வார்த்தை வரவில்லை. இப்போதும் பிடிக்குமா பிடிக்காதா, எனக்கு எப்படித் தெரியும்? தம்பி அவர் வாயில் ஒரு பதிலைப் போட்டான். நான் இன்னொன்றைப் போட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மனிதர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. வெளுத்த அந்தப் பச்சை எனக்கு வேண்டும். எனக்கு. கதவு பிரைமரோடு அசிங்கமாகவே இருக்கட்டும். நாளை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லப்போகிறேன். ஏன் என்று யார் கேட்டாலும் அவரைக் காரணம் காட்டப்போவதில்லை.

கொழுந்தன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். இன்னும் எடுக்கவில்லை.