கோட்டைத் தொட்ட மழை

பதுளை அக்காவுக்கு,

மலைச்சரிவிலிருந்து தப்பிக்கப் பயிற்சி கொடுக்க, நேபாளத்திலிருந்து வந்தவர்களோடு நீங்களும் இலங்கையிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தபோது, மழையை அளக்க எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் ஒரு பாட்டிலைக் கட்டி, சிவப்புக் கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும் என்றீர்களே. ஆடியில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டது.

"ஒரு பாட்டிலுக்குப் பயந்தா ஓடுறது?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் கத்திய கத்தலில் அவரும் மலையை விட்டு இறங்கினார். எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுதான் மலை சரிந்தது. என் அடுப்படி போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

புது அடுப்படி கட்டியாயிற்று. அதிலும் பருப்பு நன்றாகத்தான் வேகிறது.

எங்களுக்கு ஆடி மழை என்றால் உங்களுக்குக் கார்த்திகை மழை. ஊருக்குக் கிளம்பும்போது, குமுளி பஸ் ஸ்டாண்டில் என் காதோடு சொன்னீர்கள்: "எல்லாரையும் இறங்கச் சொல்லுறேன். இறந்துபோன என் வீட்டுக்காரர் கட்டின வீட்டை விட்டு நான் மட்டும் இறங்க மாட்டேன்." அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கார்த்திகை பிறந்ததும் தினமும் போன் செய்வேன். சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டேன். உங்கள் வாசல் பாட்டிலில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்றுதான் கேட்பேன். கோட்டைத் தொட்டிருந்தால், என் வீட்டுக்காரரை இறக்கிய அதே கத்தல் கடல் தாண்டி வரும்.

உங்கள் பேச்சைக் கேட்டுப் பிழைத்த
தங்கச்சி