மாத்திரையை நிறுத்திய பங்குனி

12-3-65, வெள்ளி

மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. தூங்குகிறேன், பசிக்கிறது, சாக வேண்டும் என்ற நினைப்பு இல்லை. ஆனால் விரல் நடுங்குகிறது. அதனால்தான் பட்டாசுக் கம்பெனியில் என்னை வெடிமருந்துக் கலவை ரூமிலிருந்து எடுத்து, லேபிள் ஒட்டுகிற பெண்களோடு உட்கார வைத்திருக்கிறார்கள். ஃபோர்மேன் சின்னச்சாமி இன்றைக்கும், "என்னலே கருப்பணா, இன்னுமா தந்தி அடிக்கிற?" என்றான். சிரித்து வைத்தேன். அவன் பல்லை உடைக்கலாம் போல இருந்தது.

14-3-65, ஞாயிறு

விருதுநகர் மாரியம்மன் கோவிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா சாட்டியாகிவிட்டது. கிணற்றில் விழுந்த என்னை ஊரார் தூக்கிப் போட்ட அன்றே வேலுத்தாய் நேர்ந்துகொண்டாளாம், நான் பிழைத்தால் மாரியம்மனுக்கு என்னை அக்கினிச்சட்டி எடுக்க வைப்பதாக. நேர்ந்தது அவள், சட்டி எனக்கு! நல்ல பெண்டாட்டி. இன்று என் கையில் காப்புக் கட்டிவிட்டாள்.

"காப்புக் கட்டுனப்புறம் இங்கிலீஷ் மருந்து வாயில படக்கூடாதுங்க. ஆத்தா பாத்துக்கிடுவா."

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "மூளையில நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோற ரசாயனம் இருக்கு. மாத்திரை அதைக் கூடக் கொஞ்ச நேரம் தங்க வைக்குதுன்னு நினைக்கிறோம். மூளை அதுக்கு மாசக்கணக்குல பழகும். திடீர்னு நிறுத்தினா தடுமாறும்."

அவளிடம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. மாத்திரை போனால் நடுக்கமும் போகும்.

18-3-65

குமட்டல். விடியும்வரை கன்னாபின்னாவென்று கனவு. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். "ஆத்தா சோதிக்கிறா" என்கிறாள்.

23-3-65

கை நின்றுவிட்டது! தம்ளர் நிறையத் தண்ணீரோடு நீட்டிப் பிடித்தேன், சொட்டுச் சிந்தவில்லை. சின்னச்சாமியே வந்து பார்த்தான். "நாளையிலருந்து கலவை ரூமுக்கு வந்துரு. ஆர்டர் கழுத்தப் பிடிக்குது." வேலுத்தாய் அழுதேவிட்டாள்.

27-3-65

தூக்கம் இல்லை. எதற்கு எழுந்திரிக்க வேண்டும்?

30-3-65, செவ்வாய்

கந்தகமும் அலுமினியப் பொடியும் சலித்துக்கொண்டிருந்தேன். குழாயில் மருந்து அடைக்கிற இருளம்மாள் கலவையை வாங்கிப் போக வாசலில் நின்றாள். அப்போதுதான் தோன்றியது — ஒரு உரசல் போதும். கிணறு வேண்டாம், யாரும் தூக்க முடியாது. கை அசையவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அண்ணே, என்னத்துக்குச் சிரிக்கீக?" என்றாள் இருளம்மாள்.

சிரித்தேனா நான்? இவளும் போய்விடுவாளே. பால்குடி மாறாத பிள்ளை வீட்டில் கிடக்கிறது. ஐயோ, என்ன மனுஷன் நான்!

சல்லடையை மெதுவாக வைத்துவிட்டு வெளியே வந்தேன். சின்னச்சாமி கத்தினான். "எனக்குப் புத்தி சரியில்லப்பா. ரூமைப் பூட்டு. நான் கேட்டாலும் உள்ள விடாத" என்றேன். அவன் ரூமைப் பூட்டிவிட்டு என் கையைப் பிடித்து வீடுவரை கூட்டிவந்தான். ஒரு கேலி இல்லை.

வேலுத்தாயிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் உள்ளே போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"முழுங்குங்க."

"காப்பு இருக்கே."

"இருந்துட்டுப் போகுது."

31-3-65

மதுரை. டாக்டர் வைதார். மறுபடி குறைந்த அளவில் ஆரம்பிக்க வேண்டுமாம். மனசு தெளியச் சில வாரம் ஆகும், அதுவரை என்னைத் தனியே விடக்கூடாது என்று வேலுத்தாயிடம் சொன்னார். "எத்தனை வருஷம் சாப்பிடணும்?" என்று கேட்டேன். "தெரியல. நெடுங்காலம் சாப்பிட்டா மூளை எப்படி மாறும்ங்கிறதும் எங்களுக்கு முழுசாத் தெரியாது. நிறுத்தினா உங்களுக்கு என்ன ஆகும்னு இப்பத் தெரியும்" என்றார்.

5-4-65, திங்கள்

எனக்குப் பதில் வேலுத்தாயே சட்டியை எடுத்தாள். தார்ரோடு கொதித்தது. அவள் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கூட நடந்தேன். எனக்கு மனசு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. கோவில் வாசலில் நின்று, கூட்டம் கேட்க உரக்கச் சொன்னாள்:

"ஆத்தா, எம் புருசன் மாத்திரை திங்கிறாரு. இனிமே நிறுத்த மாட்டாரு, நான் நிறுத்தவிட மாட்டேன். ஒனக்குக் கோவம்னா எம்மேல காட்டு."

எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டியை இறக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.