மேனேஜரின் நடுக்கம்

மார்ச் 2

அண்ணாவுக்கு,

நலம்தானே. இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது பூனைக் கூடையோடு கடிதத்தையும் அனுப்புகிறாளே என்று நினைப்பீர்கள். எனக்கு வேறு வழியில்லை. மகளை டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். பிரசவம் வரை நான் அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மாப்பிள்ளைக்குப் பூனை முடி பட்டாலே மூச்சு இழுக்கும். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன எதிர் வீட்டு டீச்சர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். உங்களுக்குப் போன் செய்தேன். நான் பேசி முடிப்பதற்குள் "சரி, சரி" என்று வைத்துவிட்டீர்கள். அந்தச் சரியை நம்பித்தான் அனுப்புகிறேன். அலமாரியைத் திறந்தால்கூட உள்ளே தலையை நீட்டி மேற்பார்வை பார்ப்பான் என்பதால் அவனுக்கு மேனேஜர் என்று பெயர்.

பால் கொடுக்காதீர்கள், வயிற்றைக் கலக்கும். மண் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் செருப்பைப் பயன்படுத்திக்கொள்வான். எப்போது பசிக்குமோ என்று கவலைப்பட வேண்டாம், பசித்தால் அவனே கேட்பான்.

தங்கை

மார்ச் 7

தங்கைக்கு,

கூடை வந்தது. கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தார். மறுநாள் மத்தியானம் வரை தரிசனம் இல்லை. அச்சகத்தில் ஒரு மேனேஜர் போதாதென்று வீட்டுக்கும் ஒருவர்.

பசித்தால் கேட்பார் என்று எழுதியிருக்கிறாய். அவர் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். கொட்டாவி என்று நினைத்து நானும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்து என் கால் கட்டைவிரலைக் கடித்தார். இதுவரை பூனையைத் தெருவில் பார்த்ததோடு சரி, வாயில்லா ஜீவன் என்பது இவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது.

கீழ் வீட்டு வக்கீலம்மாவுக்கு இதன்மேல் ஒரே பிரியம். தினமும் காலையில் படியேறி வந்து, இதைக் கையால் காட்டி நீளமாகப் பேசிவிட்டுப் போகிறார். "ஆமாங்க, நல்ல பூனைங்க" என்று நானும் சொல்லி வைக்கிறேன்.

கல்யாணப் போட்டோவுக்கு வேண்டாத அண்ணன் பூனைக்காவது வேண்டியிருக்கிறானே, அந்த வரைக்கும் சந்தோஷம். விரல் இடுக்கில் மை இருந்தால் போட்டோவில் அசிங்கமாகத் தெரியும். பூனை அதையெல்லாம் பார்ப்பதில்லை.

அண்ணன்

மார்ச் 12

அண்ணாவுக்கு,

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்ததைக் கருக்கிவிட்டேன். வேண்டாத அண்ணனா? யார் சொன்னது?

என் ஒரே மகளின் கல்யாணம். போட்டோக்காரர் எல்லாரையும் நிறுத்திவிட்டு, "அவ்வளவுதானா, எடுக்கலாமா?" என்று கேட்கிறார். நீங்கள் மேடைக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். "அண்ணா" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை என் சம்பந்தியம்மாளே திரும்பிப் பார்த்தார். நீங்கள் திரும்பவில்லை. நேராகச் சாப்பாட்டுப் பந்திக்கு நடந்து போனீர்கள். அத்தனை பேர் நடுவில் என் முகம் எப்படி இருந்திருக்கும்? அந்தப் போட்டோவுக்கு நான் இன்றுவரை சட்டம் போடவில்லை.

மை இருந்தால் என்ன? அந்தக் கைதானே என்னைப் படிக்க வைத்தது. உங்களுக்குத்தான் தங்கை வேண்டாமல் போய்விட்டது.

மேனேஜருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள். பாவம், அவன்மேல் கோபம் இல்லை.

தங்கை

மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். போட்டோ விஷயம் இப்போது வேண்டாம். வேறொரு நாள் பேசுவோம்.

மேனேஜர் விஷயமாக ஒரு பெரிய பயம் வந்து போயிற்று. செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக என் மடியில் ஏறிப் படுத்தார். சரி, பாவம் என்று முதுகில் கை வைத்தேன். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே சீராக, பேரிங் தேய்ந்த மெஷின் மாதிரி. குளிர் ஜுரம் என்று நினைத்துப் போர்வையைச் சுற்றினேன். நடுக்கம் அதிகமாயிற்று. உன் பூனையைச் சாகக் கொடுத்துவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினேன்.

அவர் கழுத்தில் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சந்தோஷமா இருக்கு சார், அவ்வளவுதான். உங்களை ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை என்று பார்த்து நிறுத்தி மறுபடியும் சொன்னார். பூனைக்குச் சந்தோஷம் வந்தால் உடம்பு நடுங்குமாமே. இதை முன்கூட்டியே எழுதுவதற்கு என்ன?

என்னைப் பிடித்துவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை கை வைத்துப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அண்ணன்

மார்ச் 26

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். மகளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "ஏம்மா, மாமாவுக்கு அந்தச் சத்தம் கேக்கலையா?" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணா, அது நடுக்கம் இல்லை. மேனேஜர் குர்ர் குர்ரென்று சத்தம் போடுகிறான். மிக்ஸி ஓடும்போதுகூடப் பக்கத்து அறையில் கேட்கும். பூனையே பார்க்காதவர்களும் அதைக் காதால்தான் தெரிந்துகொள்வார்கள். நீங்கள் கையால் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பசித்தால் அவன் போடும் கூச்சல் தெருமுனை வரை போகும். அவனையா வாயில்லா ஜீவன் என்கிறீர்கள்? வக்கீலம்மா பிரியத்தில் படியேறி வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது? மறைக்காமல் சொல்லுங்கள். போனில் எல்லாவற்றுக்கும் "சரி" என்றுதான் சொல்கிறீர்கள். அன்றைக்கு நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். கீழே இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. ஒரே ஊரில், இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறோம். எனக்கு அழுகையாக வருகிறது. கோபமும் வருகிறது. என்னிடம் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?

உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

பதில் வரவில்லை. நான் கேட்டது தப்பாகப் பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். உங்களைப் போலவே முன் நெற்றி, தூக்கத்திலும் ஒரு முறைப்பு. முதல் சேதி உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்கும் இன்னும் எழுதவில்லை.

இதற்காவது ஒரு வரி போடுங்கள்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 20

என் வாலுக்கு,

பேத்திக்கு என் ஆசீர்வாதம். முறைப்பு என் வழியில் வந்தது என்றால் கவலைப்படாதே, உள்ளே ஒன்றும் இருக்காது.

மேனேஜர் கடிதத்தின்மேல் படுத்துக்கொண்டார், அதனால் எழுத முடியவில்லை என்று சாக்குச் சொல்லலாம். பாதி நாள் நிஜமாகவே படுத்திருந்தார். மீதி நாள் எனக்கு வெட்கம்.

ஆமாம், கேட்கவில்லை. இடது காது போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். வலதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. ஆயுசு முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றதற்குக் கூலி. செவிடனை மெஷின் பக்கம் விடமாட்டார்கள் என்ற பயத்தில் வெளியே சொல்லவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் எந்த உருளை தகராறு செய்கிறது என்று தெரிந்துவிடும், அப்படியே ஓட்டிவிட்டேன். பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துப் பாதி பிடித்துக்கொள்வேன், மீதிக்குத் தலையாட்டல். உன் மாப்பிள்ளைக்கு அந்த மீசை இருப்பதால் அவர் சொன்னது ஒன்றுகூட இதுவரை எனக்குத் தெரியாது. போனில் நீ என்ன கேட்டாய் என்பதும் தெரியாது. "சரி" என்றேன், பூனை வந்து இறங்கியது.

நீ மூன்று தடவை கூப்பிட்டாய் என்று எழுதிய அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. எழுதத்தான் தைரியம் வரவில்லை. அன்று பந்திப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் நின்று போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை என்றே நினைத்தேன். கை கழுவும் இடத்தில் நின்று நகக்கண் எரிய எரியத் தேய்த்தேன். மை போகவில்லை. உன்னைப் பற்றி அவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டேன், அம்மாடி. அது இப்போதும் வலிக்கிறது.

போன வாரம் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் முகத்துக்கு நேராக வந்து, "அதனாலதானே இத்தனை வருஷமா எல்லாரும் உங்க தோளைத் தட்டிட்டுப் பேசறோம்" என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்களே, அந்தப் பூனை நான்தான். வேலை இருக்கிறது. கூடவே காது டாக்டரிடம் போக ஒரு நாள் லீவும் கொடுத்தார். இடது காதுக்கு வழியில்லையாம். வலதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்கிறார்கள். அளவு எடுத்திருக்கிறார்கள்.

வக்கீலம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பாவம், அந்த மனுஷி சரியாகத் தூங்கியே நாளாகிறதாம். ஆனால் இப்போது புகார் இல்லை. இந்த ஆளிடம் கத்திப் பிரயோஜனமில்லை என்று மேனேஜர் புரிந்துகொண்டுவிட்டார். பசித்தால் முன்காலால் என் முழங்காலைத் தட்டுகிறார், அச்சகத்து ஆட்கள் மாதிரியே.

பேத்திக்குப் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் அவளையும் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வா. பூனை முடி ஆகாத மாப்பிள்ளை வாசலிலேயே நிற்கட்டும், நான் போய்ப் பேசிக்கொள்கிறேன். வரும்போது அழைப்பு மணி அடிக்காதே. கதவு திறந்திருக்கும். என் வலது பக்கமாக வா. அந்தக் காதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அன்றைக்குக் கூப்பிட்டாயே, அதே மாதிரி ஒரு தடவை கூப்பிடு. திரும்பிப் பார்க்கிறேன்.

உன் அண்ணன்