உன் வீட்டில் மட்டும் தெரிந்த படம்

இன்று காலை எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும்போது விரலில் ஏதோ சிக்கியது. கொடி என்று நினைத்து இழுத்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால், ஒரு சாண் நீளத்துக்குத் தட்டையான அன்டெனா வயர். தேயிலைக் கிளை அதைத் தனக்குள் வைத்துத் தடித்துப் போயிருந்தது. செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி எத்தனைக்குத் தப்பியதோ தெரியவில்லை. உன்னுடைய வயர்தான். இந்தத் தோட்டத்தில் வேறு யாரும் மலை உச்சியிலிருந்து கீழே லயத்து வீட்டு வரிசைக்கு டீவி வயர் இழுத்தது கிடையாது.

"என்ன அங்க, செடியோட பேச்சு?" என்று கங்காணி சத்தம் போட்டார். செடியோடு இல்லை, உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி நீ செத்து இரண்டு மாதம் ஆகிறது. மீதியை இப்படி எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் நீ சிரித்துக்கொள்.

நம் லயத்தில் முதல் டீவி என் வீட்டுக்குத்தான் வந்தது. அதை நீயும் மறுக்க மாட்டாய். என் வீட்டுக்காரர் பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கூரைத் தகரத்தில் மூங்கில் கட்டி அன்டெனாவை மாட்டினோம். லயமே என் ஒற்றைக் காம்பரா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. போட்டால் பெட்டி முழுக்க எறும்பு. எறும்புக்குள்ளே யாரோ பேசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டி மூடியைக் கட்டிப் பார்த்தோம், சைக்கிள் ரிம்மைக் கட்டிப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் ஏறி ஏறித் தகரம் ஓட்டையாகி மழை ஒழுகியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் நீ மட்டும் வந்தாய். "நல்லாத்தான் இருக்கு, பெரிய ரேடியோ மாதிரி" என்றாய். அதற்குப் பிறகு நீயும் வரவில்லை.

அடுத்த வருசம் நீ ஒரு பழைய டீவி வாங்கினாய். உன் புருசன் கொழும்பில் கடையில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். பிள்ளையும் இல்லை. கேட்டு நடக்க உனக்கு யாரும் இல்லாததால் நீயே லுணுகலைக்குப் போய், அன்டெனா விற்கிறவரிடம் நம் லயம் பள்ளத்தில் இருப்பதைச் சொல்லியிருக்கிறாய். "மலை மறைச்சா படம் வராதும்மா. அன்டெனாவ மலைக்கு மேல கொண்டு போங்க" என்று அவர் சொன்னாராம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. அதற்கே எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மூங்கிலோடு உச்சிக்குப் போனாய். வயரைத் தேயிலை மேலேயே போட்டு, நிழல் மரங்களில் கட்டிக் கட்டிக் கீழே இறக்கியிருந்தாய். உச்சியில் நிற்கிறவளுக்குக் கீழே படம் தெரிகிறதா என்று தெரியாது. அதனால் என் மகள் கோகிலாவை உன் டீவி முன்னால் உட்கார வைத்தாய். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, உன்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி நான் தண்ணீர்க் கான் ஓரத்தில் நிற்க வேண்டும். அவள் கத்துவதை வாங்கி நான் மேலே கத்த வேண்டும். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை நமக்கு.

கொஞ்ச நேரத்தில் கோகிலா கத்தினாள். "தெரியுது. சின்னம்மாகிட்ட சொல்லுங்கம்மா, அந்தப் பொம்பள மூக்குத்தி கூடத் தெரியுது."

நான் உன் பக்கம் திரும்பினேன். "இல்லையாம். இன்னும் திருப்பு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், வாய் தானாகச் சொன்னது என்றுதான் சொல்லுவேன். ஆனால் இரண்டாவது தடவை வாய் தானாகச் சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை. நீ திருப்பிக்கொண்டே இருந்தாய். மழை வந்தது. நான் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, "இல்லையாம், இல்லையாம்" என்று கத்தினேன். இருட்டும் நேரத்தில் இறங்கி வந்தாய். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் கோடு கோடாக இறங்கியது. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து உப்பு தேய்த்துக்கொண்டே, "வார ஞாயித்துக்கெழம நீ மேல போடி. நான் நடுவுல நிக்கிறேன்" என்றாய்.

அடுத்த வாரம் மூங்கில் என் கையில். ஒரே ஒரு திருப்புதான். "போதும், கட்டிரு" என்று உன் குரல் கேட்டது. கட்டினேன். பத்து வருசம் அந்தக் கட்டு அவிழவில்லை. உன் வீட்டுப் படத்தை என் கையால்தான் கட்டினேன், இந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல.

நீ கேட்காமல் இல்லை. "ஒன் வீட்டுக்கும் இதுலயே ஒரு வயர் இழுத்துக்க. எனக்குக் கொஞ்சம் மங்கினா மங்கட்டும்" என்றாய். "எங்களுக்குப் படம் பாக்க நேரமில்ல" என்றேன். அந்த வீராப்புதான் என் மகளை உன் பக்கம் கொண்டுபோனது.

அன்றிலிருந்து கோகிலா பள்ளிக்கூடம் விட்டு நேராக உன் காம்பராவுக்குத்தான் வருவாள். உன் மடியில் தலை வைத்துப் படம் பார்ப்பாள், நீ பேன் பார்ப்பாய். ஒரே சுவர்தான் நமக்கு நடுவில். நான் அந்தப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டு அவள் சிரிப்பதைக் கேட்பேன். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு நாள் வந்து கையைப் பிடித்து இழுத்தேன். "நம்ம வீட்டுல எறும்புதானேம்மா தெரியுது" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நீ சிரித்திருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

அவள் பெரியவளானதும் உனக்குத்தான் முதலில் தெரிந்தது. பெற்றவள் நான் அடுப்படியில் இருக்கிறேன், நீ வாசலில் நின்று, "ஒன் மக குந்திட்டாடி, வந்து பாரு" என்கிறாய். பெற்றவளுக்குத் தெரியவில்லை என்று லயத்துப் பெண்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தண்ணீர் ஊற்றிய அன்று உன்னை முன்னால் கூப்பிடவில்லை. பிள்ளை இல்லாதவள் என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. நீ பின்னால் நின்று சட்டி கழுவினாய்.

போன மாசி மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி கொடுக்கும்போது நீயாகத்தான் பேச்சை எடுத்தாய். "அன்னைக்கு மேல நிக்கிறப்ப ஒன் மக சத்தம் எனக்கு நல்லாவே கேட்டுச்சுடி."

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். "கேட்டுச்சுன்னா ஏன் திருப்புன?"

"நீ எப்ப போதும்னு சொல்லுவேன்னு பாத்தேன்."

அதோடு கண்ணை மூடிக்கொண்டாய். மன்னிச்சிரு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அங்கே பன்னிரண்டு நாள் இருந்தது. கஞ்சி கொடுத்தேன், துணி மாற்றினேன், அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்தபோது கோகிலா பண்டாரவளையிலிருந்து ஓடி வந்து உன் கால்மாட்டில் விழுந்தாள். சின்னம்மா என்று கூப்பிடவில்லை. "அம்மா" என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். செத்துக் கிடக்கிறவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். கண்ணீர்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

அவள் முன்பு மாதத்துக்கு ஒரு தடவை போன் எடுத்து, சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கிறாள். "நான் பொறக்குறதுக்கு முன்னாடி சின்னம்மா எப்படிம்மா இருந்தாங்க? நீங்கதானே கூட இருந்தீங்க, சொல்லுங்க" என்கிறாள். நாம் இருவரும் ஒரே மாதத்தில் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்தவர்கள். உன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்னிடம் நிறைய இருக்கிறது.

போன வாரம், நீ புதுப்பெண்ணாக முதல் நாள் வேலைக்கு வந்தபோது, ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் வழுக்கி விழுந்து, கூடையோடு உருண்டு, கணக்கப்பிள்ளையின் காலடியில் போய் நின்ற கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டேனே, அதே சிரிப்பு. இந்தத் தடவை என் காதுக்குள்ளேயே கேட்டது.

"இன்னொண்ணு சொல்லுங்கம்மா" என்றாள்.

"அடுத்த வாரம் எடு, சொல்றேன்" என்றேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அவள் எதற்கு எடுப்பாள்? அதனால் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. மலையில் நான் சொன்ன பொய்யையும் அவளிடம் சொல்லத்தான் வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.