முன் சீட்டு மூட்டை

மார்ச் 4
இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுத் தோட்டங்களுக்குச் செம்மண்ணும் எருவும் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் இடுப்பைக் குறை சொல்லி என்ன பயன்? ஏற்றிவிட ஆள் உண்டு. இறக்குவதுதான் என் பாடு. போன வருடம் வரை வீட்டுக்காரர் ஒரு மண்வெட்டி, நான் ஒரு மண்வெட்டி. பாதி மண் தரைக்கு, பாதி என் தலைக்கு. இப்போது அவர் கப்பலில், எஞ்சின் அறையில்.

மார்ச் 9
வெல்டிங் பட்டறைத் தம்பியிடம் கேட்டேன். எங்கள் குட்டி ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின்னால் மண் ஏற்றும் தட்டை டிரேயை டிப்பராக மாற்றலாமாம். பின்னால் கீல், அடியில் ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி, அதற்கு பேட்டரியில் ஓடும் பம்ப். பட்டனை அழுத்தினால் டிரே தூக்கிக் கொட்டிவிடும். சரி என்றேன்.

மார்ச் 11
போனில் அவரிடம் சொன்னேன்.
"அப்போ எனக்கு அங்க வேலையே இல்லன்னு சொல்லு."
விளையாட்டுக்குத்தான் சொன்னார். பிறகு, இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லி ஒப்பந்தம் நீட்டுகிறார்கள் என்றார். "என்ன பண்ணட்டும்?"
"உங்க இஷ்டம்."
இந்த வாய்க்குச் சூடு போட வேண்டும். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவேன்?

மார்ச் 20
டிரேயைக் கழற்றியாயிற்று. வண்டி வெறும் எலும்பாக நிற்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 27
முதல் சோதனை. டிரே எழுந்தது. ஈர மண் பின் ஓரத்தில் அப்பிக்கொண்டு விழ மறுத்தது. பார்த்தால் — முன் சக்கரங்கள் அந்தரத்தில்! நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.
தம்பி தலையைச் சொறிந்தார். "கீலை ரொம்பப் பின்னாடி வச்சிட்டேன்க்கா. மாத்தித் தரேன். அதுவரைக்கும் முன் சீட்ல ஏதாவது எடை வைங்க."

மார்ச் 29
அவர் உட்காரும் சீட்டில் மணல் மூட்டை. வளைவில் என் மேல் சாய்ந்ததால் பெல்ட் மாட்டிவிட்டேன். "அண்ணன் மாதிரியே இருக்கு, வாயே திறக்கல" என்று தம்பி கிண்டலடித்தார். சிரித்தேன்.
மத்தியானம் ஒரு வீட்டில் கொட்டினேன். வண்டி அசையவில்லை, மண் அழகாகச் சரிந்தது. "பாத்தீங்களா?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டேன். மூட்டையிடம்!
அழுகை அடங்கவே இல்லை. எனக்கு அவர் வேணும். மண்ணு அள்ள இல்ல. சும்மா பக்கத்துல உக்காந்திருந்தா போதும்.

மார்ச் 30
நானே போன் செய்தேன்.
"வண்டி முன்னாடி தூக்குது. எடை வேணுமாம்."
"எவ்வளவு?"
"உங்க அளவு."
நானே தொடர்ந்தேன்.
"கையெழுத்துப் போட்டாச்சா?"
"இன்னும் இல்ல."
"போடாதீங்க. வந்துடுங்க."
சொல்லிவிட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது. காதில் விழுந்ததா?

ஏப்ரல் 2
போன் வரவில்லை. நடுக்கடலில் சிக்னல் இருக்காது. அதுதான். வேறென்ன?

மே 16
கீலை மாற்ற வண்டியைக் கொண்டுவரச் சொல்லித் தம்பி கூப்பிட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுவிட்டேன். நேற்று ராத்திரி அவர் போன் செய்தார்: "கையெழுத்துப் போடல. நாளைக்கு வந்து இறங்குறேன்." மூட்டையை இறக்கி வாசலில் போட்டேன். சீட்டைத் துடைத்தேன், இடுக்கில் புகுந்த மணல் துணிக்கு வரவில்லை. பரவாயில்லை, தட்டிவிட்டு உட்காருவார். துறைமுகத்துக்கு இப்போதே கிளம்பினால் சரியாக இருக்கும்.