விதிவிலக்கான மாமா

மார்ச் 3

ஆய்வுக்கூட மகாராணிக்கு,

முட்டைக்கோஸ் தோட்டத்துச் சக்கரவர்த்தியாகிய உன் மாமா எழுதுவது. விரலில் குத்தி, வட்டத்துக்குள் ரத்தம் சொட்டி, காயவைத்து அனுப்பச் சொன்னாயே, அந்த அட்டைகள் இதோடு வருகின்றன. ஒன்று என்னுடையது, ஒன்று உன் அத்தையுடையது.

டெட்டனஸ் நஞ்சைத் தாங்கும் சக்தி டவுன்காரர்களுக்கு அதிகமா, விவசாயிகளுக்கு அதிகமா என்று ஆராய்கிறாயாம். இதற்கு ஆராய்ச்சி வேறா? நாற்பது வருஷமாக வெறுங்காலோடு சாணியில் நடக்கிறேன். ஒரு ஊசி போட்டதில்லை. என்னைக் கடித்த கொசு மறுநாள் காய்ச்சலில் படுத்துவிடும். டெட்டனஸ் கிருமி என் காலடிச் சத்தம் கேட்டாலே வரப்புக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

இப்படிக்கு,
வீராதிவீர மாமா

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. மண்ணில் புழங்குவதால் எதிர்ப்பு சக்தி வருவதில்லை. டவுன் ஆண்களுக்கு வேலையிடத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள். விவசாயப் பெண்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது போட்டது நிற்கிறது. உங்களைத் தவிர மற்ற விவசாய ஆண்கள் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லை! ஊசியே போடாத உங்களுக்கு அத்தைக்கு இருக்கிற அளவு இருக்கிறது. எங்கள் தலைமை டாக்டரம்மா உங்களை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார். இருபதாம் தேதி அனுப்புகிறேன். என் பெயரில் வரும் முதல் கட்டுரை, மாமா!

அன்புடன்,
உங்கள் மருமகள்

ஏப்ரல் 14

கண்ணு,

கட்டுரையை நிறுத்து.

நேற்று மாட்டுக்கொட்டகைப் பலகையிலிருந்த துருப்பிடித்த ஆணி என் காலில் ஏறிவிட்டது. மூன்று முழ நீளம் (உன் அத்தை ஒரு அங்குலம் என்கிறாள்). ஆஸ்பத்திரியில் உன் கடிதத்தை நர்ஸம்மாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "ஐயாவுக்கு நல்ல சக்தி இருக்கே, ஊசி வேண்டாம்போல இருக்கே" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் அத்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பிள்ளை பெத்துக் குடுத்தேன். ரத்தமும் நான்தானே குடுத்தேன்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொன்னேன். மார்ச் மாதம் நீ அனுப்பிய, விரலில் குத்தும் அந்தக் குட்டி ஊசியைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இரண்டு அட்டையிலும் உன் அத்தை விரல்தான்.

நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் மருந்து அலமாரி ஆடியது. எனக்கு ஒன்றல்ல, இரண்டு ஊசி. ஒவ்வொன்றும் கடப்பாரை. போடுவதற்கு முன்பே என் விரலைக் குத்தி, உன் கடிதத்தோடு வைத்திருந்த மிச்ச அட்டையில் சொட்டச் சொன்னேன். இத்துடன் வைத்திருக்கிறேன். உன் முதல் கட்டுரையில் என் பொய் இருக்க வேண்டாம்.

மன்னித்துவிடு.
மாமா

ஏப்ரல் 27

என் வீராதிவீர மாமாவுக்கு,

அட்டையைச் சோதித்தேன். சுத்தமான பூஜ்யம். நூற்றுப் பன்னிரண்டு பேரோடு நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். கட்டுரையை அனுப்பாமல் நிறுத்தி, உங்களைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டேன்; இப்போது அது முன்பைவிட உறுதியாகிவிட்டது. தலைமை டாக்டரம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த ஊசி மே பதிமூன்று. அன்று நானே வருகிறேன், உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள. அத்தையைக் கண்ணில் படும்படி உட்காரச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் அவர் கையை மட்டும் நீட்டக் கூடாது.

உங்கள் மருமகள்